இரட்டை எஞ்சின் மோட்டார் சைக்கிள்: இரண்டையும் எங்கே இணைப்பது?

இரண்டு எஞ்சின் வைத்து வண்டி கட்டத் தீர்மானித்தவர்கள் எந்த எஞ்சினை எடுப்பது என்பதில்தான் முதலில் மண்டையைக் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: இரண்டு எஞ்சினின் விசையும் எந்த இடத்தில் ஒன்றுசேரப் போகிறது? கிராங்கிலேயே (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டில்) சேர்த்துவிட்டால் ஒரு கிளட்ச், ஒரு கியர்பாக்ஸ் போதும். ஒவ்வோர் எஞ்சினுக்கும் அதனதன் கிளட்சையும் கியர்பாக்ஸையும் அப்படியே விட்டுவிட்டு, வெளியே வரும் ஸ்பிராக்கெட்டுக்கு (செயின் ஓடும் பல்சக்கரம்) பிறகு சேர்ப்பது இன்னொரு வழி. பிரேம் எவ்வளவு நீளும், எந்தப் பேரிங் முதலில் தேயும், ஓர் எஞ்சின் நடுவழியில் நின்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்துதான் பிறக்கின்றன. எந்த எஞ்சின் என்பதையும் பெரும்பாலும் இதுவே தீர்த்துவைத்துவிடும்.

முதலில், எதற்காக இரண்டு? அமெரிக்காவின் பான்வில் உப்புத் திடலில் வேகச் சாதனைக்கு ஓடிய நீள்வடிவ வண்டிகளில் இதற்கு உறுதியான காரணம் இருந்தது. எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் திறன் இரட்டிக்கும். காற்றை எதிர்கொள்ளும் முகப்பின் பரப்பு கூடாது. 1966-இல் பாப் லெப்பன் ஓட்டிய ஜைரோநாட் எக்ஸ்-1 இரண்டு 650 சிசி டிரையம்ஃப் எஞ்சின்களால் மணிக்கு 395 கி.மீ. தொட்டது. டான் வெஸ்கோ 1975-இல் இரண்டு யமஹா டிஇசட் 750 எஞ்சின்களோடு 487 கி.மீ., 1978-இல் டர்போ வைத்த இரண்டு கவாசாகி 1000 எஞ்சின்களோடு 512 கி.மீ. வேகம் எட்டினார். 2010-இல் ராக்கி ராபின்சன் ஓட்டிய ஆக் அட்டாக் வண்டியில் இரண்டு சுசுகி ஹயபூசா எஞ்சின்கள். வேகம் 605 கி.மீ. டிராக் (drag) எனும் நேர்ப்பாதைக் குறுந்தூரப் பந்தயத்திலும் 1970-களில் இதே வழிதான். ஜான் கிரெகரி கட்டி டி.சி. கிறிஸ்டென்சன் ஓட்டிய ஹாக்ஸ்லேயரில் இரண்டு நார்ட்டன் கமாண்டோ எஞ்சின்கள் இருந்தன. ரஸ் காலின்ஸ் மூன்று ஹோண்டா சிபி 750 எஞ்சின்களை ஒரே வண்டியில் பூட்டினார்.

சாதாரண வண்டிக்கு அந்தக் காரணம் பொருந்தாது. பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350 எஞ்சின் ஒன்று தருவது 18 குதிரைத்திறன். இரண்டு சேர்ந்தால் 692 சிசி-யில் 36. அதைவிடச் சற்றுக் குறைந்த கொள்ளளவு கொண்ட ராயல் என்ஃபீல்டு 650 டுவின் எஞ்சின் கடையிலிருந்து வரும்போதே 47 குதிரைத்திறன் தருகிறது. எனவே வேகம் மட்டுமே குறி என்றால் 650-ஐ வாங்குவது மலிவு, இலகு, நம்பகம். இரட்டை எஞ்சின் கட்டுவது அந்த இயந்திர அமைப்பின் மேல் உள்ள ஆசைக்காக, கண்காட்சிக்காக, குறுந்தூர ஓட்டத்துக்காக. அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் அதற்குரிய வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிராங்கோடு கிராங்க்

கியர்பாக்ஸ் தனியாகப் பிரியும் எஞ்சின்களுக்கு உரிய வழி இது. 1950-களின் டிரையம்ஃப் 650 அப்படிப்பட்டது. நம்மிடம் கிடைப்பதில் பழைய வார்ப்பிரும்பு புல்லட் அப்படிப்பட்டது; அதன் கியர்பாக்ஸ் கிராங்க்கேஸின் பின்முகத்தில் போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். கழற்றிவிட்டால் முன் எஞ்சினாக வைக்க ஏற்ற வெறும் எஞ்சின் கையில் இருக்கும். காலியான அந்தப் பின்முகத்தையே இணைப்புத் தகடு பூட்டும் இடமாகவும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இரண்டு கிராங்கையும் எதனால் இணைப்பது? பல்சக்கரம் என்றால் ஒரு சிக்கல் உடனே வரும். நேரடியாகக் கடிக்கும் இரண்டு சக்கரங்கள் எதிரெதிராகச் சுழலும். ஓர் எஞ்சின் பின்னோக்கி ஓடவேண்டிவரும், அதற்கு கேம், எண்ணெய் பம்ப், இக்னிஷன் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். நடுவில் ஒரு சக்கரம் போட்டால் திசை சரியாகும். ஆனால் கிராங்குகளுக்கு இடையே 400 மி.மீ. தூரம் இருக்கும்போது அந்தச் சக்கரங்கள் அம்மிக்கல் அளவுக்குப் பெருத்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் அமைப்புக்குப் பல்சக்கரம் வேண்டாம்.

மிஞ்சுவது செயினும் பல் பெல்ட்டும். எங்கள் தேர்வு செயின். அதிலும் 428 போன்ற அரை அங்குலப் பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம்) செயினை எடுக்கக்கூடாது. கிராங்க் வேகத்தில் ஓடும் செயினுக்குப் பிட்ச் சிறிதாகவும் பல் அதிகமாகவும் இருந்தால்தான் கண்ணி ஒவ்வொன்றும் பல்லில் உட்காரும்போது ஏற்படும் அடி குறையும். புல்லட்டின் பிரைமரியிலேயே (கிராங்கிலிருந்து கிளட்சுக்கு விசை போகும் பகுதி) இருக்கும் 9.525 மி.மீ. பிட்ச் இரட்டைவரிசைச் செயின் அந்த வேகத்துக்கென்றே செய்தது. 25 பல் ஸ்பிராக்கெட்டில், நிமிடத்துக்கு 5,500 சுழற்சியில், செயின் நொடிக்கு கிட்டத்தட்ட 22 மீட்டர் ஓடும். எண்ணெய்க் குளியல் இல்லாமல் இந்த வேகத்தில் அது நீடிக்காது. திறந்த செயின் பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக விட்டால், அறுந்த கண்ணி பாய்வது ஓட்டுபவரின் இடது காலை நோக்கித்தான். இரண்டு எஞ்சினையும் மூடும் நீளமான செயின்கேஸ் ஒன்றை 3 மி.மீ. தகட்டில் கட்டியே ஆகவேண்டும்.

இரண்டு கிராங்குக்கும் இடையிலான மைய தூரத்தைக் கண்ணளவில் வைத்துவிட்டுப் பிறகு செயினைப் பொருத்த முடியாது. இரண்டு ஸ்பிராக்கெட்டும் ஒரே பல் எண்ணிக்கை என்றால் கணக்கு எளிது: மைய தூரத்தைப் பிட்சால் வகுத்து இரண்டால் பெருக்கி, பல் எண்ணிக்கையைக் கூட்டினால் கண்ணிகளின் எண்ணிக்கை வரும். அது இரட்டைப்படையாக வரவேண்டும், இல்லையென்றால் அரைக்கண்ணி போடவேண்டிவரும். இந்த வேகத்தில் அரைக்கண்ணிதான் முதலில் உடையும். 25 பல்லுக்கு மைய தூரத்தை 42.5 பிட்ச், அதாவது 404.8 மி.மீ. வைத்தால் 85-உம் 25-உம் சேர்ந்து 110 கண்ணி. 24 பல் போட்டால் மைய தூரம் முழுப் பிட்சாக இருக்கவேண்டும்: 42 பிட்ச், 400 மி.மீ., 108 கண்ணி.

தளர்வை எடுக்க ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் போடுவதுதான் இந்த அமைப்பில் அதிகம் நடக்கும் தவறு. சாதாரண வண்டியில் செயினின் இழுபக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். தளர்பக்கத்தில் டென்ஷனர் நிம்மதியாக இருக்கும். இங்கே இரண்டு எஞ்சினும் மாறி மாறி வெடிக்கின்றன. முன் எஞ்சின் வெடிக்கும்போது செயினின் ஒரு பக்கம் இறுகுகிறது, பின் எஞ்சின் வெடிக்கும்போது மறுபக்கம் இறுகுகிறது. ஸ்பிரிங் டென்ஷனர் ஒவ்வொரு சுற்றிலும் அடிவாங்கிச் சில மணி நேரத்தில் உடைந்து செயினுக்குள்ளேயே விழும். முன் எஞ்சினின் தகடுகளில் நீள்துளை போட்டு, எஞ்சினையே முன்னுக்கு நகர்த்தித் திருகால் இறுக்கிப் பூட்டும் ஏற்பாடு வேண்டும். 6 மி.மீ. நகர இடம் விட்டால் போதும்.

வெடிப்பு வரிசையும் இதோடு சேர்ந்தது. மூன்று வாய்ப்புகள் உண்டு. இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி இறங்கி ஒரே நேரத்தில் வெடிப்பது முதலாவது. அப்போது இரண்டு எஞ்சினும் சம அளவு ஒன்றாக முடுக்கம் பெறுவதால் இணைப்புச் செயின் எப்போதும் ஒரே பக்கம் அமைதியாக இழுக்கும். ஆனால் பிரைமரி, கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் 700 சிசி ஒற்றை சிலிண்டரின் அடியை வாங்கும். கிக்கரை மிதிக்கும்போது இரண்டு கம்ப்ரஷனும் ஒன்றாக எதிர்க்கும். ஒன்றாக ஏறி இறங்கி, 360 டிகிரி இடைவெளியில் மாறி மாறி வெடிப்பது இரண்டாவது. கியர்பாக்ஸுக்கு இதமானது, ஓசை பழைய பிரிட்டிஷ் டுவின் போல் சீராக வரும், உதைப்பதும் எளிது. அடியெல்லாம் இணைப்புச் செயினுக்கு. மூன்றாவது 180 டிகிரி: ஒன்று ஏற ஒன்று இறங்கும். மேல்கீழ் அதிர்வு பெருமளவு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், ஆனால் இரண்டு எஞ்சினுக்கும் இடையே 400 மி.மீ. இருப்பதால் வண்டி முன்னும் பின்னும் ஊசலாடும் அதிர்வு கிளம்பும். வெடிப்பும் 180, 540 என்று நொண்டும்.

கண்காட்சிக்கோ குறுந்தூர ஓட்டத்துக்கோ எங்கள் பரிந்துரை 360 டிகிரி. செயின் மலிவான பொருள். கியர்பாக்ஸ் அப்படி இல்லை. முதலாவதும் இரண்டாவதும் கிராங்க் நிலையில் ஒன்றே. செயினைப் போடுவதற்கு முன் ஒரு கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிவிடலாம். 180 டிகிரிக்கு மட்டும் 25 பல் உதவாது: ஒரு பல் 14.4 டிகிரி என்பதால் பல் மாற்றிப் போட்டாலும் 172.8 அல்லது 187.2-தான் கிடைக்கும். இரட்டைப்படைப் பல் வேண்டும்.

எந்த வரிசை வைத்தாலும் இக்னிஷன் தூண்டல் ஒவ்வோர் எஞ்சினுக்கும் அதனதன் உள்ளிருந்தே வரவேண்டும். ஒரே பிக்கப்பை (தூண்டலைத் தரும் உணர்வி) வைத்து இரண்டையும் வெடிக்கவைக்கலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். செயின் 1 சதவீதம் நீண்டு, அதைச் சரிசெய்யாமல் விட்டால், 404.8 மி.மீ. ஓட்டத்தில் 4 மி.மீ. கூடும். 38 மி.மீ. ஆரமுள்ள ஸ்பிராக்கெட்டில் அது 6 டிகிரி. ஓர் எஞ்சினின் டைமிங் அந்த அளவுக்கு அலைந்தால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது), பிஸ்டன் ஓட்டை.

புல்லட்டில் இணைப்பு எந்தப் பக்கம் என்பதற்கும் பதில் தயாராக இருக்கிறது. வலப்பக்கம், டைமிங் பக்கக் கிராங்க் முனையில், எண்ணெய் பம்புகளை ஓட்டும் வார்ம் திருகு இருக்கிறது, அங்கே இடமில்லை. இருந்தாலும் அங்கே இணைக்கக்கூடாது. புல்லட் கிராங்க் இரண்டு பிளைவீல் சக்கரங்களையும் ஒரு கிராங்க்பின்னையும் சேர்த்துப் பூட்டியது. முன் எஞ்சினின் விசை பின் எஞ்சினுக்குள் வலப்பக்கம் நுழைந்து இடப்பக்கம் வெளியேறினால், அது முழுவதும் பின் எஞ்சினின் கிராங்க்பின் வழியே கடக்கும். பின் திருகி, பிளைவீல்கள் நேர்கோட்டை விட்டு விலகும். இடப்பக்கமே நுழைந்து இடப்பக்கமே வெளியேறினால் கிராங்க்பின்னுக்கு அந்தச் சுமையே இல்லை.

இடப்பக்கத்தில் பின் எஞ்சினுக்கு இரண்டு ஸ்பிராக்கெட் தேவை: உள்ளே கிளட்சுக்கு, வெளியே முன் எஞ்சினுக்கு. வெளி ஸ்பிராக்கெட் உட்காரும் இடம், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் ரோட்டருடையது. பின் எஞ்சினில் அதை எடுத்துவிடலாம். முன் எஞ்சினின் ஸ்பிராக்கெட் அதன் வழக்கமான இடத்திலேயே இருக்க, முன் எஞ்சினையே அந்த இடைவெளி அளவுக்கு இடப்பக்கம் தள்ளி வையுங்கள். செயின் நேராகும், முன் எஞ்சினின் ஆல்டர்னேட்டர் பிழைக்கும், முழு வண்டிக்கும் அது போதும். சிலிண்டர் சற்றுத் தள்ளியிருப்பதால் பின் சிலிண்டருக்குக் கொஞ்சம் காற்றும் கிடைக்கும். பின் எஞ்சினின் வெளி ஸ்பிராக்கெட் மெயின் பேரிங்கிலிருந்து தள்ளித் தொங்குவதால் கிராங்க் முனை வளைந்து சோர்வுறும். செயின்கேஸின் வெளிச்சுவரில் ஒரு பால் பேரிங் வைத்து அந்த முனையைத் தாங்கவேண்டும். அந்தப் பேரிங்கின் துளையை இரண்டு சுவரையும் பூட்டிய நிலையில் ஒரே செட்டப்பில் போரிங் செய்யவேண்டும். தனித்தனியாகப் போட்டால் கோடு விலகி, தாங்கவேண்டிய பேரிங்கே கிராங்கை வளைக்கும்.

பெல்ட் வேண்டுமென்றால் 8 மி.மீ. பிட்ச், 30 மி.மீ. அகலம், 30 பல் புல்லி, 1,040 மி.மீ. நீளம், மைய தூரம் சரியாக 400 மி.மீ. வரும். ஓசை குறைவு, அடியை ஓரளவு உறிஞ்சும். குறை இரண்டு: ஓய்விலும் இழுவிசை இருக்கவேண்டும் என்பதால் மெயின் பேரிங்குக்கு எப்போதும் சுமை, எண்ணெய் பட்டால் பெல்ட் கெடும் என்பதால் பிரைமரிக்கும் இதற்கும் நடுவே எண்ணெய் கசியாத தடுப்பு. வயதான புல்லட் கிராங்க் முனையில் எண்ணெயை முழுதாக அடக்குவது எளிதல்ல. அதனால்தான் செயின்.

கிளட்சுக்கு 500 சிசி புல்லட்டின் பிளேட்டுகளும் கடின ஸ்பிரிங்கும் போடுங்கள். கியர்பாக்ஸ் தாங்கும், ஆனால் முதல் கியரில் முழு ஆக்சிலேட்டரைத் திடீரென்று திறந்து கிளட்சை விட்டால் பல் போகும்.

கியர்பாக்ஸுக்குப் பிறகு

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் வண்டிகளுக்கு இதுதான் வழி. இன்று கிடைக்கும் எஞ்சின்களில் பெரும்பாலானவை அந்த வகை. நம்மூரில் எல்லாரும் விரும்பும் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்வோம்: 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக், 98 சிசி, 11 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்), 4 கியர். இரண்டு சேர்ந்தால் 22 பிஎஸ். எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம், கிராங்கைத் தொடவே வேண்டாம். பட்டறை வேலை முழுவதும் வெளியே. இதன் பெரிய கவர்ச்சி அதுதான்.

இரண்டு எஞ்சினின் வெளி ஸ்பிராக்கெட்டும் ஒரு நடுத்தண்டில் சேரும், அந்தத் தண்டிலிருந்து ஒரு செயின் பின்சக்கரத்துக்குப் போகும். தண்டு 20 அல்லது 25 மி.மீ., இரு முனையிலும் பேரிங், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் பிவட்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். இரண்டு எஞ்சினிலிருந்தும் வரும் செயின்களின் பல் விகிதம் துல்லியமாக ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்றில் 14, மற்றொன்றில் 15 என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டால், இரண்டு எஞ்சினும் வேறு வேறு வேகத்தில் ஓடக் கட்டாயப்படுத்தப்பட்டு எது பலவீனமோ அதன் கிளட்ச் வழுக்கி எரியும். எஞ்சினிலிருந்து தண்டுக்கு வரும் செயின் 428 போதும். அது தாங்குவது அந்த எஞ்சினின் வழக்கமான சுமைதான். தண்டிலிருந்து சக்கரத்துக்குப் போகும் செயின் இரண்டின் சுமையையும் தாங்கும். கனமான 428 அல்லது 520 போடவேண்டும்.

காகிதத்தில் வரையும்போது தெரியாத தடை ஒன்று உண்டு. முன் எஞ்சினின் வெளி ஸ்பிராக்கெட் எந்தத் தளத்தில் இருக்கிறதோ அதே தளத்தில் பின் எஞ்சினின் கிராங்க்கேஸும் மேக்னட் மூடியும் நிற்கின்றன. செயின் நேராகப் பின்னால் போக வழியில்லை. இரண்டு எஞ்சினுக்கும் இடையே, பின் எஞ்சினுக்கு முன்னால், ஒரு குட்டைத் தண்டு வைத்து விசையை மேக்னட் மூடிக்கு வெளியே வரும் அளவு இடப்பக்கம் கொண்டுவந்து, அங்கிருந்து இரண்டாவது செயினால் பின்னால் இழுக்கவேண்டும். ஆக மொத்தம் நான்கு செயின், இரண்டு தண்டு. அகலம் கூடும், ஃபுட்ரெஸ்ட் வெளியே போகும். பின் எஞ்சினை வலப்பக்கம் தள்ளிவைத்தால் வளைவு குறையும், முழுதும் தீராது. வேலைக்கு இறங்கும் முன் இரண்டு காலி கிராங்க்கேஸைத் தரையில் வைத்து நூல் பிடித்துப் பார்ப்பது கட்டாயம்.

அடுத்தது கியர் மாற்றுவது. இரண்டு ஷிப்ட் தண்டுகளையும் ஒரு கம்பியால் இணைத்து, கம்பியின் இரு முனையிலும் பந்து மூட்டு வைத்து, ஒரு முனையில் இடது மரை, மறுமுனையில் வலது மரை வெட்டினால் கழற்றாமலே நீளம் சரிசெய்யலாம். இரண்டு லீவரின் கை நீளமும் கோணமும் ஒன்றாக இருக்கவேண்டும். அப்படியிருந்தும் ஒரு நாள் ஓர் எஞ்சின் இரண்டாவதில் விழும், மற்றது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்கும். நடுவே நின்ற எஞ்சினுக்குச் சுமை இல்லை; ஆக்சிலேட்டர் திறந்திருக்கிறது; அது கண்மூடித் திறப்பதற்குள் எல்லை தாண்டிச் சுழலும். டூ ஸ்ட்ரோக்கில் இது பிஸ்டன் பிடிப்பதில் முடியும். ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனித்தனியாகச் சுழற்சி எல்லை வெட்டும் சிடிஐ (இக்னிஷன் பெட்டி), ஹேண்டில்பாரில் சுழற்சி வேகம் காட்டும் இரண்டு டாக்கோ மீட்டர், இவை இரண்டும் இல்லாமல் இந்த வழியில் இறங்கவேண்டாம்.

கிளட்ச் இரண்டும் ஒரே லீவரில். கேபிளை இரண்டாகப் பிரிக்கும் இடத்தில் நடுவில் ஊசலாடும் சமன்கை வைத்தால் இரண்டு கிளட்சும் சம விசையில் திறக்கும். சும்மா இரட்டைக் கேபிள் போட்டால் எதில் தளர்வு குறைவோ அது மட்டும் முதலில் பிரியும். ஆர்எக்ஸின் எண்ணெய் பம்புகளுக்கும் கேபிள் உண்டு. ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்த்து அவற்றையும் சமப்படுத்தவேண்டிவரும். பம்பை எடுத்துவிட்டு பெட்ரோலில் டூடி எண்ணெய் கலந்து ஊற்றுவது இங்கே நிம்மதி.

இந்த வழியில் வெடிப்பு வரிசையை நாம் தீர்மானிக்க முடியாது. கிளட்சைப் பிடித்து விடும் ஒவ்வொரு முறையும் இரண்டு கிராங்குக்கும் உள்ள உறவு மாறும். ஒரு நேரம் வண்டி பட்டுப்போல் ஓடும், அடுத்த சிக்னலுக்குப் பிறகு அதே வண்டி கைப்பிடியை உதறும். இது கோளாறு இல்லை, அமைப்பின் இயல்பு. ஓசையும் அப்படியே மாறிக்கொண்டிருக்கும்.

பதிலுக்குக் கிடைப்பது சுதந்திரம். ஓர் எஞ்சினைத் தனியாகக் கிளப்பலாம். ஒன்று நின்றால் அதன் ஷிப்ட் கம்பியைக் கழற்றி நியூட்ரலில் விட்டு, மற்றதன் பலத்தில் வீடு திரும்பலாம். கிராங்க் இணைப்பில் அது முடியாது. நின்ற எஞ்சினை ஓடும் எஞ்சின் இழுத்துக்கொண்டே போகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும். இரட்டை ஓசையில் ஒன்று அடங்கியது ஓட்டுபவருக்கு உடனே தெரியாமலும் போகும். எனவே கிராங்க் இணைப்பு வண்டிகளில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் அடியில் வளைய வடிவ வெப்பமானி போட்டு, இரண்டு அளவையும் கண்முன் காட்டவேண்டும். ஒன்று இறங்கத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடலாம்.

இன்னும் இரண்டு வழிகள், சுருக்கமாக

முன் எஞ்சினை முன்சக்கரத்துக்கே கொடுப்பது: திரும்பும், ஏறி இறங்கும் சக்கரத்துக்கு விசை கொண்டுபோவது தனி ஆராய்ச்சி. யமஹாவும் ஓலின்ஸும் 2-டிராக் வண்டியில் ஹைட்ராலிக் குழாய் வழியாகச் செய்தார்கள். பட்டறையில் கட்டுபவருக்கு இது வேண்டாம்.

இரண்டு சிலிண்டரையும் ஒரே கிராங்க்கேஸில் வி வடிவில் பூட்டுவது: உண்மையில் இது இரட்டை எஞ்சின் அல்ல, புது எஞ்சின். வின்சென்ட் நிறுவனத்தின் 1936 ரேப்பிட் 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சினிலிருந்து இப்படிப் பிறந்தது. அமெரிக்காவில் இருக்கும் அனிகேத் வர்தன் இரண்டு புல்லட் 350 சிலிண்டர்களை வைத்து 700 சிசி மஸ்கெட் எஞ்சினைக் கட்டிக் காட்டினார். விளைவு மிக அழகானது, வண்டியின் நீளமும் கூடாது. ஆனால் கிராங்க்கேஸுக்கு மாதிரி செய்து வார்த்து, மெஷினிங் செய்து, கேம் அமைப்பைப் புதிதாக வரையவேண்டும். வார்ப்பு வேலையும் வரைபடமும் கைவந்தவர்களுக்கு இதுவே எல்லாவற்றிலும் சிறந்த வழி. மற்றவர்களுக்கு அல்ல.

எந்த வழியானாலும் வரும் சிக்கல்கள்

பின் எஞ்சினின் சைலன்சர் பைப் முன்பக்கமாக வெளியே வருகிறது. முன் எஞ்சினின் கார்புரேட்டர் பின்பக்கம் இருக்கிறது. இரண்டும் நேருக்கு நேர் முட்டும். கிராங்குகளின் மைய தூரத்தை உண்மையில் முடிவு செய்வது கிராங்க்கேஸின் அளவு அல்ல, இந்த இடைவெளி. புல்லட்டில் வால்வை இயக்கும் புஷ்ராட் வலப்பக்கம் இருப்பதால் ஹெட்டைத் திருப்பிப் போட முடியாது. முன் கார்புரேட்டரை வளைந்த மேனிஃபோல்டில் வலப்பக்கம் திருப்பி, பின் பைப்பை இடப்பக்கம் இறக்கி, நடுவில் இரட்டைத் தகட்டுத் தடுப்பு வைக்கவேண்டும். இல்லையென்றால் சூட்டில் ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து, நின்று கிளம்பும்போதெல்லாம் முன் எஞ்சின் இருமும்.

பின் எஞ்சினுக்கு எப்போதும் சூடான காற்றுதான். மெயின் ஜெட் ஓர் அளவு கூட்டி, பக்கவாட்டில் காற்று பிடிக்கும் தகடு வையுங்கள். புல்லட்டில் எண்ணெய் அந்தந்த எஞ்சினின் அடியிலேயே இருப்பதால் குழாய்ச் சிக்கல் இல்லை; பின் எஞ்சினுக்கு மட்டும் ஒரு எண்ணெய்க் கூலர் சேர்க்கலாம்.

பிரேம் வரையும்போது வரிசை முக்கியம்: முதலில் எஞ்சின்கள், பிறகு பிரேம். இரண்டு எஞ்சினையும் ஒரே ஜோடித் தகட்டால் ஒன்றாகப் பூட்டவேண்டும், 8 மி.மீ. இரும்பு அல்லது 12 மி.மீ. அலுமினியம். அப்போது பிரேம் குழியில் இறங்கி வளைந்தாலும் செயின் மைய தூரம் மாறாது. எஞ்சின்களைத் தனித்தனியாகப் பிரேமில் மாட்டினால், பிரேம் வளையும் ஒவ்வொரு முறையும் செயின் இறுகித் தளரும். புல்லட்டின் முன்பக்க ஒற்றைக் குழாய் இதற்குப் போதாது. அடியில் இரட்டைக் குழாய்த் தொட்டில், 32 மி.மீ. சீம்லெஸ் குழாய், 2.5 மி.மீ. சுவர். வெல்டிங் செய்யும்போது நல்ல எஞ்சினை உள்ளே வைக்கக்கூடாது. எர்த் மின்சாரம் பேரிங் குண்டுகளின் வழியே பாய்ந்து புள்ளி புள்ளியாக அரித்துவிடும். காலி கிராங்க்கேஸ்களை வைத்து வெல்டிங் முடியுங்கள். வீல்பேஸ் (இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம்) 400 மி.மீ. நீளும். வளைவில் திருப்பக் கூடுதல் இடம் கேட்கும், பிரேக்கும் பழைய டிரம்மோடு நிற்காது. முன்னால் இரண்டு டிஸ்க் வேண்டும்.

அணைக்கும் ஸ்விட்ச் ஒரே அழுத்தில் இரண்டையும் அணைக்கவேண்டும். மணிக்கட்டில் கட்டும் கயிற்று ஸ்விட்ச் இன்னும் நல்லது.

சாலையில் ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு இந்தியாவில் பதில் தெளிவானது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. ஆர்சி புத்தகத்தில் ஓர் எஞ்சின் எண்தான் இருக்கிறது. தனியார் இடத்திலும், பந்தய அமைப்பாளர்களின் தொழில்நுட்பப் பரிசோதனைக்குப் பிறகு ஓட்டப் பாதையிலும்தான் இந்த வண்டிக்கு இடம். கட்டத் தொடங்கும் முன்பே எங்கே ஓட்டப்போகிறோம் என்று அவர்களிடம் பேசிவிடுவது நல்லது; செயின் காப்பு, எண்ணெய் தட்டு பற்றி அவர்கள் கேட்பதை வண்டி முடிந்தபிறகு சேர்ப்பது கடினம்.

முடிவு எப்படி

கையில் இரண்டு பழைய புல்லட் எஞ்சின், நம்பிக்கையான லேத் பட்டறை, போரிங் மெஷின் வசதி இருந்தால் கிராங்க் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கிளட்ச், ஒரு கியர், நாம் வைத்த ஓசை. இயக்குவது சாதாரண வண்டி ஓட்டுவதுபோல் இருக்கும். லேத் வேலை எளிமையாகவும் வெல்டிங் வேலை நன்றாகவும் வரும் என்றால், எஞ்சினும் புதுவகை என்றால், கியர்பாக்ஸுக்குப் பிந்தைய இணைப்பு. அதில் கட்டுவது எளிது, சரிப்படுத்துவதும் ஓட்டுவதும் கடினம். இரண்டு வழிகளையும் கலப்பது மட்டும் வேண்டாம்: கிராங்குகளை இணைத்துவிட்டு இரண்டு கியர்பாக்ஸையும் வைத்துக்கொண்டால், கியர் ஒன்று பிசகிய நொடியில் வழுக்க இடமே இல்லாமல் ஏதோ ஒரு பல் முறியும்.

முதல் ஓட்டத்துக்கு அவசரம் வேண்டாம். இணைப்புச் செயின் போடாமல் முன் எஞ்சினை மட்டும் ஓட்டி, ஐடிலும் கலவையும் சரி செய்யுங்கள். பிறகு பின் எஞ்சினைத் தனியாக. இரண்டும் ஒரே ஐடில் வேகத்தில் தானாக நிலைத்து ஓடும்வரை இணைக்கக்கூடாது. இணைத்தபின் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். ஸ்பிராக்கெட் முகங்களின் மேல் நேர்ச்சட்டம் வைத்து, விலகல் 0.5 மி.மீ.-க்குள் இருப்பதைப் பார்த்துச் செயினைப் போடுங்கள். நடுவில் 8 முதல் 10 மி.மீ. ஆட்டம், கிராங்கைக் கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடத்தில் அளக்கவேண்டும். இடத்துக்கு இடம் மாறினால் ஸ்பிராக்கெட் மையம் தவறியிருக்கிறது. பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓட்டி, சூடாகவே மறுபடி அளங்கள். அலுமினியக் கிராங்க்கேஸும் தகடும் சூட்டில் விரிந்து ஆட்டம் குறைந்திருக்கும், 5 மி.மீ.-க்குக் கீழே போனால் குளிர்ந்த அளவைக் கூட்டவேண்டும். எண்ணெயை வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறம் புதுச் செயின் படிவது. கண்ணுக்குத் தெரியும் மினுமினுப்புத் துகள் இருந்து, செயினின் உள்தகடுகள் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால், முன் எஞ்சின் இன்னும் ஒரு ஷிம் (மெல்லிய இடைத்தகடு) அளவு நகரவேண்டியிருக்கிறது.